அடியில் கறுப்புப் பூச்சு அடித்துவிட்டால் துரு நின்றுவிடுமா?

கேள்வி இதுதான். சென்னை திருவான்மியூரில் கடலில் இருந்து நான்கு தெரு தள்ளி வீடு. 2016-இல் வாங்கிய ஹேட்ச்பேக் ஒன்று, அப்பா ஓட்டிக்கொண்டிருந்த 2010 பொலேரோ ஒன்று. காரை சர்வீஸுக்கு விட்ட இடத்தில் லிஃப்டில் ஏற்றிக் காட்டி, "அடியெல்லாம் துரு சார், இன்றைக்கே கோட்டிங் அடித்துச் சாயங்காலம் கொடுத்துவிடுகிறோம்" என்றார்களாம். அடிக்கலாமா, அடித்தால் நிற்குமா, பொலேரோவின் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், ஏடு ஏடாகப் பெயர்கிறதே அதற்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள்.

இன்றைக்கே அடிக்காதீர்கள். கோட்டிங் கெட்டது என்பதால் சொல்லவில்லை. காலையில் தண்ணீர் அடித்துக் கழுவிய வண்டிக்குச் சாயங்காலம் கோட்டிங் போட்டுக் கொடுக்கிறேன் என்று யார் சொன்னாலும், அவர் ஈரத்தையும் துருவையும் உள்ளே வைத்து மூடப்போகிறார். பூச்சு காப்பாற்றுவது காய்ந்த, சுத்தமான இரும்பை மட்டும்தான்.

அடையாறு பக்கம் டிங்கரிங் பட்டறையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். இந்த மாதிரி வண்டிகள் நிறைய என் கையில் வந்திருக்கின்றன. அதில் ஒன்றைச் சொன்னால் விஷயம் விளங்கும். கொட்டிவாக்கத்தில் இருந்து ஒரு செடான் வந்தது. பஞ்சர் ஆன இடத்தில் ஜாக்கி போட்டிருக்கிறார்கள். வண்டி மேலே ஏறாமல், ஜாக்கி தகட்டுக்குள் ஏறிவிட்டது. லிஃப்டில் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கக் கன்னங்கரேல் என்று வழவழப்பான ரப்பர் கோட்டிங், இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறு எங்கோ அடித்தது. பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. ஜாக்கி வைக்கும் இடத்தின் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர் நுனியை வைத்து லேசாக அழுத்தினேன். பழுத்த பழத்தின் தோல் மாதிரி அமுங்கியது. கத்தியால் ஒரு கீறல் போட்டு உரித்தால், கோட்டிங் தோலோடு தோலாக ஒரு முழ நீளம் கழன்று வந்தது. அதன் உள்பக்கத்தில் ஈரமான செம்மண் நிறப் பொடி அப்பியிருந்தது. தகடு இருக்க வேண்டிய இடத்தில் விரல் உள்ளே போனது. வெளியே வெயில் கொளுத்துகிற மே மாதம், உள்ளே இன்னும் ஈரம். கோட்டிங் தண்ணீரை வெளியே நிறுத்தவில்லை. உள்ளே போன தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால், பிறகு யாரிடம் போய் என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். அது ஒரு குட்டி பேட்டரி மாதிரியான வேலை: இரும்பில் ஒரு புள்ளி கரைந்து மின்சாரத்தை விடும், பக்கத்துப் புள்ளியில் ஆக்சிஜன் அதை வாங்கிக்கொள்ளும். நல்ல தண்ணீரில் இந்த மின்சாரம் மெதுவாக ஓடும், உப்புத் தண்ணீரில் தடையில்லாமல் ஓடும். உப்பில் இருக்கிற குளோரைடு இரும்பின் மேல் தானாக உண்டாகிற மெல்லிய காப்புப் படலத்தையும் உடைத்துக்கொண்டே இருக்கும். அப்புறம், துரு என்பது கரைந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் அடைக்கும். அதனால்தான் பெயின்ட் கொப்பளமாக எழும்புகிறது, இரண்டு தகடு சேரும் மடிப்பு உப்பிப் பிளக்கிறது.

நம் ஊரில் உப்பு எங்கிருந்து வருகிறது? சாயங்காலம் கடற்காற்று அடித்து ஓய்ந்தபின் வண்டிக் கண்ணாடியை விரலால் தடவி நாக்கில் வையுங்கள், கரிக்கும். பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம், காசிமேடு, எண்ணூர் என்று கரையை ஒட்டிய எல்லா இடத்திலும் இதே கதைதான். கரையில் இருந்து உள்ளே போகப்போக உப்பு வேகமாகக் குறைந்துவிடும். கடலைவிட்டு உள்ளே தள்ளி இருக்கும் அண்ணா நகர் வண்டியையும் திருவான்மியூர் வண்டியையும் ஒரே வயதில் பக்கத்தில் நிறுத்தி அடியில் பார்த்தால் அது கண்ணுக்கே தெரியும்.

மழைக்காலத்தில் அடுப்படியில் உப்பு ஜாடி நீர்விடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றில் இருந்து தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சென்னையில் வருடத்தின் பெரும்பாலான ராத்திரிகள் அந்த அளவைத் தாண்டும். ஆக, மழையில்லாத நாளிலும், ஷெட்டுக்குள் நிற்கும் வண்டியிலும், அடியில் ஒட்டிய உப்பு ராத்திரி முழுக்க இரும்பை நனைத்துவைத்திருக்கும். "நான் தண்ணீரிலேயே வண்டியை இறக்கியதில்லை, எப்படித் துரு வந்தது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அதே காரணத்தால்தான் மழையில் நனைகிற பானட் பிழைக்கிறது, மழையே படாத அடிப்பக்கம் அரிக்கப்படுகிறது. மேலே படிந்த உப்பை மழை கழுவிவிடும். வீல் ஆர்ச் என்கிற சக்கர வளைவின் உள்மடிப்பில், ரன்னிங் போர்டு என்று நாங்கள் சொல்கிற, கதவுக்குக் கீழே நீளமாகப் போகும் பெட்டித் தகட்டின் உள்ளே, கிராஸ் மெம்பர் என்கிற குறுக்குச் சட்டத்தின் மேல்புறத்தில் படிந்த உப்பும் மண்ணும் அங்கேயே கிடக்கும். மண் ஈரத்தைப் பிடித்துவைக்கும். எனவே துருவைத் தடுப்பதில் முதல் வேலை கோட்டிங் இல்லை, கழுவுவது. நான் பார்த்த வரையில், கோட்டிங்கே போடாமல் மாதம் ஒரு முறை அடியில் ஒழுங்காகக் கழுவிய வண்டிகள், கோட்டிங் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காத வண்டிகளைவிட நன்றாக இருக்கின்றன.

ஆனால் எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்பது முக்கியம். கடற்கரையை ஒட்டிய பல தெருக்களில் போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும், கடல் நீர் நிலத்தடியில் ஏறியிருக்கும். அந்தத் தண்ணீரில் தினமும் வண்டி கழுவுவது, தினமும் கொஞ்சம் உப்புப் பூசுவதுதான். கழுவிக் காய்ந்தபின் கறுப்பு பம்பரில் வெள்ளைத் திட்டு விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். இன்னொன்று, வீட்டு ஆர்.ஓ. மெஷினில் இருந்து வெளியேறும் கழிவு நீரை வீணாக்கக் கூடாது என்று பக்கெட்டில் பிடித்து வண்டி கழுவுகிறவர்கள் சென்னையில் நிறையப் பேர். நல்ல எண்ணம்தான், ஆனால் அந்த நீரில் குழாய்த் தண்ணீரில் இருந்ததைவிட உப்பு அதிகம். அதைக் கழிவறைக்கும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யில் இருந்து சொட்டும் தண்ணீர் இதற்கு நேர் எதிர். காற்றின் ஈரம் குளிர்ந்து விழுகிற நீர், உப்பே கிடையாது. கடைசி அலசலுக்கு அதைப்போல் வேறில்லை. குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர், மழைநீர் சேமித்த சம்ப் (தரைக்கடித் தொட்டி) தண்ணீர் இருந்தால் இன்னும் வசதி.

வாட்டர் சர்வீஸில் விடுகிறீர்கள் என்றால் மேலே நுரை அடித்துப் பளபளப்பாக்குவதற்குக் கொடுக்கும் காசைவிட, ஐந்து நிமிடம் அடியில் நின்று நான்கு வீல் ஆர்ச்சின் உள்மடிப்பையும் பீய்ச்சச் சொல்வது பிரயோஜனம். விரலை உள்ளே விட்டுத் துழாவிப் பாருங்கள். அந்த மடிப்பில் கைப்பிடி மண் கிடக்கும். தண்ணீர் எங்கே இருந்து எடுக்கிறார்கள் என்று கேட்பதிலும் தப்பில்லை. முடிந்ததும் "டீசல் அடிக்கட்டுமா சார்?" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டீசல் கொஞ்ச நாளில் போய்விடும், அதற்குள் சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் புஷ் ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்துவிடும். பழைய என்ஜின் ஆயிலைப் பூசுவதும் அப்படியே. அதில் அமிலமும் அழுக்கும் சேர்ந்திருக்கும், மழையில் கழுவிக்கொண்டு மண்ணுக்கும் சாக்கடைக்கும் போகும்.

கழுவிய வண்டியை உடனே மூடிய பார்க்கிங்கில் நிறுத்தி கவர் போடாதீர்கள். ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள், காற்றுப் பட்டுக் காயட்டும். கடலோர வீடுகளில் தடித்த கவர் போட்டு வாரக்கணக்கில் நிறுத்துவது பெயின்டுக்கு நிழல், இரும்புக்குப் புழுக்கம்.

துரு வெளியில் இருந்து மட்டும் வருவதில்லை. தரைத் தகட்டை அரிப்பது பாதி சமயம் உள்ளே இருக்கும் கார்பெட்தான். ஏ.சி.யின் தண்ணீர்க் குழாய் தூசியில் அடைத்துக்கொண்டால், முன் இருக்கைக் காலடியில் தண்ணீர் இறங்கும். மேலே ரப்பர் மேட் இருப்பதால் தெரியாது. அடியில் இருக்கும் பஞ்சு மாதக்கணக்கில் ஊறிக்கிடக்கும். வண்டிக்குள் ஊறிய சாக்கு வாசனை வந்தால் சென்ட் பாட்டில் வாங்காமல் மேட்டைத் தூக்கிக் கையை வைத்து அழுத்திப் பாருங்கள். கதவின் அடி விளிம்பிலும் ரன்னிங் போர்டிலும் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், தண்ணீர் வடியத்தான் அவை. கோட்டிங் அடிக்கிறவர்கள் முதலில் அடைப்பதும் அவற்றைத்தான். வேப்ப மரத்தடியிலோ தூங்குமூஞ்சி மரத்தடியிலோ நிறுத்துகிறவர்கள் வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் சருகு சேராமல் வாரம் ஒரு முறை அள்ளிப் போடுங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியில் தண்ணீர் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

சரி, இப்போது உங்கள் ஹேட்ச்பேக்கை லிஃப்டில் ஏற்றினால் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம்?

சைலன்சர் பைப்பும் அதன் இணைப்புகளும் பழுப்பாக இருந்தால் அது இயல்பு. சூடாகி ஆறுகிற இரும்பு அப்படித்தான் இருக்கும். சஸ்பென்ஷன் ஆர்ம், பின் ஆக்சில் போன்ற கனமான பாகங்களில் மேலாகப் படிந்த பழுப்பும் அவசரமில்லை. லிஃப்டில் ஏற்றிக் காட்டிப் பயமுறுத்துவது பெரும்பாலும் இவற்றைத்தான், பார்த்தவுடன் கண்ணில் படுவதால். நிஜமாகவே கவலைப்பட வேண்டியவை கண்ணில் படாத இடத்தில் இருக்கும்: ஜாக்கி வைக்கும் இடத்தைச் சுற்றிய மடிப்பு, பின் சக்கர வளைவின் உள்விளிம்பு, முன் சஸ்பென்ஷன் மேலே போய் உட்காரும் இடம், பின் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம், ரேடியேட்டருக்கு அடியில் குறுக்கே போகும் தகடு. எல்லாவற்றுக்கும் மேலாக பிரேக் ஆயில் போகும் மெல்லிய இரும்புக் குழாய். அது கிளிப்புக்குள் நுழைகிற இடத்தில் மண் சேர்ந்து அரிக்கும். அங்கே சொரசொரப்பாக, புள்ளிப் புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் பூச்சு, சுரண்டல் எதுவும் வேண்டாம், குழாயை மாற்றுங்கள். தகட்டில் ஓட்டை விழுந்தால் வண்டி கொஞ்ச காலம் ஓடும். பிரேக் குழாய் வெடித்தால் உயிரே போகலாம்.

ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு 'ணங்' என்று சொல்லும். அரித்த தகடு மந்தமாகத் 'தொப்' என்னும். சந்தேகமான இடத்தில் நுனியை வைத்து அழுத்துங்கள். இறங்கினால் அது பூச்சு வேலை இல்லை, வெல்டிங் வேலை. தட்டிப் பார்க்க விடமாட்டேன் என்கிற கடையில் வேலை கொடுக்காதீர்கள்.

இறங்கவில்லை, கொப்பளமும் மேல் துருவும்தான் என்றால் செய்ய வேண்டியது இப்படி. முதலில் கழுவி, முழுதாகக் காயவிட வேண்டும். மடிப்புக்குள் போன தண்ணீர் ஒரு மணி நேரத்தில் காயாது. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் கொடுங்கள், இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது. அப்புறம் சுரண்டி, வயர் பிரஷ், உப்புத்தாள். உதிர்கிற துரு அத்தனையும் போக வேண்டும், கொப்பளத்தைச் சுற்றி நன்றாக ஒட்டியிருக்கும் பெயின்ட் வரைக்கும் தேய்த்து விளிம்பைச் சரிவாக்க வேண்டும். தொழிற்சாலையில் பாடியை அப்படியே பெயின்ட் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சிப் படியவைத்த முதல் பூச்சு ஒன்று இருக்கிறது. சுமார் 20 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. ஆனால் அதைப்போல ஒட்டுகிற பூச்சை வெளியே யாராலும் அடிக்க முடியாது. அது நன்றாக இருக்கிற இடத்தில் கிரைண்டரைப் போட்டு வெள்ளை இரும்பாக்கிவிடுகிறவர்கள் உண்டு, பக்கத்தில் நின்று தடுங்கள்.

தேய்த்தும் குழிகளுக்குள் மிச்சம் நிற்கும் துருவுக்கு, அதை வேறு பொருளாக மாற்றுகிற ரஸ்ட் கன்வெர்ட்டர் என்ற திரவம் இருக்கிறது. டானிக் அமிலம் உள்ள வகை துருவோடு சேர்ந்து கறுப்பாகும். பாஸ்பாரிக் அமில வகை துருவை பாஸ்பேட்டாக மாற்றும். இரண்டும் மெல்லிய, கெட்டியாக ஒட்டிய துருவில் மட்டும்தான் வேலை செய்யும். பொருக்குத் தட்டிய துருவின் மேல் தடவினால் மேல் தோல் கறுக்கும், அடியில் துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தடவிவிட்டு அப்படியே ஓட்டுவதும் கூடாது, அதற்கு மேல் பூச்சு வந்தே ஆக வேண்டும்.

அந்தப் பூச்சில்தான் பட்டறைகள் காசு மிச்சம் பிடிக்கும். பெயின்டுக்கு முன்னால் அடிக்கும் அடிப்பூச்சுதான் பிரைமர். சாதாரண பிரைமரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, ஈரம் உள்ளே இறங்கும். இரண்டு டப்பா கலந்து அடிக்கிற எபாக்சி பிரைமர் கேளுங்கள். கலந்த சில மணி நேரத்தில் இறுகிவிடும் என்பதால் மிச்சம் வைக்க முடியாது, அதனால் தவிர்க்கப் பார்ப்பார்கள். வெறும் இரும்பு தெரிகிற இடத்துக்குத் துத்தநாகம் கலந்த பிரைமரும் நல்லது. துத்தநாகம் தான் முதலில் கரைந்து இரும்பை விட்டுவைக்கும். ஆனால் அது சுத்தமான இரும்பைத் தொட்டால்தான் வேலை செய்யும், துருவின் மேலோ கன்வெர்ட்டரின் மேலோ அடித்துப் பயனில்லை. பள்ளத்தை நிரப்பும் பட்டியை மட்டும் துருவின் மேல் நேராகப் போடவே கூடாது. பட்டி ஈரத்தை உறிஞ்சும். ஆறு மாதத்தில் அதே இடம், அதைவிடப் பெரிய கொப்பளம். பிரைமர் காய்ந்ததும் தகடு தகட்டோடு சேரும் இடத்தில் இடைவெளியை அடைக்கும் சீலன்ட், அதற்கு மேல் பெயின்ட்.

கறுப்புக் கோட்டிங்கின் முறை இதற்குப் பிறகுதான். அதிலும் இரண்டு ஜாதி. ரப்பர், பிட்டுமென் வகை கெட்டியாக நிற்கும், சக்கரம் அடிக்கிற ஜல்லியைத் தாங்கும். வீல் ஆர்ச்சுக்கு அதுதான் சரி. ஆனால் வயதானால் வெடிக்கும், வெடித்த கீறலில் தண்ணீர் நுழைந்து நான் மேலே சொன்ன கொட்டிவாக்கம் வண்டிக் கதையாகும். மெழுகு, எண்ணெய், லனோலின் (ஆட்டு ரோமத்தில் இருந்து எடுக்கும் கொழுப்பு) வகை இறுகுவதில்லை. மடிப்புக்குள் தானாக ஊர்ந்து போகும், கீறல் விழுந்தாலும் மூடிக்கொள்ளும், உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்கும் தெரியும். குறை என்னவென்றால் தூசி ஒட்டும், வருடத்துக்கு ஒரு முறை மறுபடி அடிக்க வேண்டும். கடலோர வண்டிக்கு, அதுவும் ஏற்கெனவே துரு தொட்ட வண்டிக்கு, என் ஓட்டு இரண்டாவது வகைக்கு. ரன்னிங் போர்டு, கதவு, சேசிஸ் பெட்டி இவற்றின் உள்ளே நீளமான நாசிலை விட்டு மெழுகை அடிக்கச் சொல்லுங்கள். துரு உள்ளே இருந்து வெளியே வருகிற இடங்கள் அவை. வெளியே மட்டும் பூசி அனுப்புவது பாதி வேலை.

சைலன்சர், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், பிரேக் டிஸ்க், ஹேண்ட் பிரேக் கேபிள், ரப்பர் புஷ், சென்சார் வயர், வடிகால் துளைகள் இவற்றின் மேல் எந்தக் கோட்டிங்கும் படக் கூடாது. சூடான சைலன்சரில் பட்ட பிட்டுமென் புகையும், தீப்பிடிக்கவும் கூடும். அடிப்பதற்கு முன்னால் இவற்றைப் பேப்பரும் டேப்பும் போட்டு மூடுகிறார்களா என்று பாருங்கள். கடையின் வேலை எப்படி என்று தெரிந்துகொள்ள அதுவே போதும்.

பேட்டரியில் மாட்டினால் துருவே வராது என்று விற்கும் எலெக்ட்ரானிக் பெட்டிக்குப் பணம் கொடுக்காதீர்கள். கப்பலின் அடிப்பாகத்தையும் மண்ணுக்குள் போகும் பைப்லைனையும் மின்சாரத்தால் காப்பாற்றுவது உண்மை. ஆனால் அவை முழுக்கக் கடலிலோ ஈர மண்ணிலோ முங்கியிருக்கின்றன, மின்சாரம் சுற்றி வர வழி இருக்கிறது. காற்றில் நிற்கும் காரில் அந்த வழி இல்லை.

உங்கள் பொலேரோவுக்கு வருகிறேன். ஹேட்ச்பேக்கில் பாடியே எலும்பு, தனியாகச் சட்டம் கிடையாது. பொலேரோ, ஸ்கார்ப்பியோ, பழைய இன்னோவா மாதிரி வண்டிகளில் ஏணி மாதிரியான சேசிஸ் தனி, அதன் மேல் பாடி உட்கார்ந்திருக்கும். இரும்பு கனமாக இருப்பதால் துரு தின்று தீர்க்க நாளாகும். அந்தத் தைரியத்தில் யாரும் பார்ப்பதில்லை. ஏடு ஏடாகப் பெயர்கிறது என்றால் பல வருட வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். சின்னச் சுத்தியலால் அந்த ஏடுகள் எல்லாம் உதிரும்வரை தட்டி எடுங்கள், அப்புறம் மிச்சமிருக்கும் கனத்தைப் பாருங்கள். பக்கத்தில் துருவே படாத இடத்தின் கனத்தோடு ஒப்பிடுங்கள். பெட்டி மாதிரி மூடிய பகுதிகளில் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சினால் உள்ளே இருந்து சேறும் பொருக்கும் வரும். தெளிந்த தண்ணீர் வரும்வரை விட வேண்டும். மீன் ஏற்றுகிற பிக்கப் வண்டிகளில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் சொட்டுகிற இடத்துக்கு நேர் கீழே சட்டம் இற்றுப்போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்பா வண்டியில் அப்படி ஏதாவது ஏற்றியிருந்தால் அந்த இடத்தை முதலில் பாருங்கள்.

கனம் நன்றாக இருந்தால் மேலே சொன்ன அதே முறைதான். ஓட்டையோ, கண்ணுக்குத் தெரிகிற மெலிவோ இருந்தால் வெல்டிங். அதற்குப் போகிற இடத்தைப் பற்றி மட்டும் கறாராக இருங்கள். துருத் தகட்டின் மேல் இன்னொரு தகட்டை வைத்து ஒட்டுவது வேலையே இல்லை. துருப்பிடித்த பகுதியை நல்ல இரும்பு வரைக்கும் வெட்டி எடுத்துவிட்டு, அதே கனமுள்ள தகட்டை வைக்க வேண்டும். வலுவுக்கு வைக்கும் தகட்டின் முனையை நேராக வெட்டி நிறுத்தினால் அந்தக் கோட்டிலேயே பின்னால் விரிசல் விழும், சரிவாக முடிக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங். டீசல் டேங்க், பிரேக் குழாய் பக்கத்தில் என்றால் அவற்றை இறக்கிவிட்டுத்தான். ஸ்டியரிங் பாக்ஸ், சஸ்பென்ஷன், என்ஜின் மவுன்ட் பிடித்திருக்கும் இடங்களில் அரித்திருந்தால் தெருமுனை வெல்டரிடம் கொடுக்காதீர்கள், சேசிஸ் வேலையே தொழிலாகச் செய்பவரிடம் போங்கள். வெல்டிங் முடிந்தபின் உள்பக்கப் பூச்சு எரிந்துபோயிருக்கும், அங்கே மெழுகு அடிக்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

சேசிஸ் நம்பர் விஷயத்தில் தனியாக ஒரு எச்சரிக்கை. பொலேரோவில் அது சட்டத்திலேயே குத்தியிருக்கும். துருவைத் தேய்க்கிறேன் என்று பையன்கள் அந்த இடத்தில் கிரைண்டர் வைத்தால் எழுத்து போய்விடும். வண்டிக்கு 15 வருடம் முடிந்தால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். ஆர்.டி.ஓ.வில் பென்சில் பிரின்ட், அதாவது நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்த அச்சு, எடுத்து ஒத்துப்பார்ப்பார்கள். எழுத்து தெரியவில்லை என்றால் வண்டியே சந்தேகத்துக்குரியதாகிவிடும். அந்த இடத்தை மெல்லிய பிரஷால் கையால் மட்டும் துடைத்து, கறுப்புக் கோட்டிங் போடாமல் கிரீஸ் தடவி வையுங்கள்.

வெள்ளம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பொலேரோ 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில்தான் இருந்திருக்கும். தண்ணீரில் நின்றிருந்தால் இருக்கையின் தண்டவாளத்தையும், சீட் பெல்ட் போல்ட்டையும், டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் இரும்புப் பட்டையையும் பாருங்கள். தண்ணீரில் நிற்காத வண்டியில் அங்கே துரு அபூர்வம். பழைய வண்டி வாங்கும்போதும் வெள்ளம் தேங்கும் வேளச்சேரியா முடிச்சூரா என்று விசாரிப்பதைவிட இந்த மூன்று இடம் உண்மையைச் சொல்லும். முழுக் காப்பீடு இருந்தால் வெள்ளச் சேதத்துக்குக் கிடைக்கும், காலப்போக்கில் பிடித்த துருவுக்குக் கிடைக்காது. அதனால் வெள்ளத்தில் நின்ற வண்டியை அப்போதே காட்டிப் பதிவு செய்யாமல் விட்டால் பின்னால் கேட்க முடியாது.

வேலையை எப்போது வைத்துக்கொள்வது? பிப்ரவரியில் இருந்து மே வரை. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் எந்தப் பட்டறையிலும் இரும்பு சரியாகக் காயாது. கத்திரி வெயில் இந்த வேலைக்கென்றே வந்த மாதிரி. அதிலும் காலை பத்து மணிக்கு மேல், கடற்காற்று ஏறுவதற்கு முன்னால் பிரைமர் அடித்துவிட வேண்டும். ராத்திரி ஈரத்தில் குளிர்ந்த தகட்டின் மேல் விடிந்ததும் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத பனிநீரின் மேல்தான் பூச்சு உட்காரும். நீங்களே செய்வதானால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள், இரும்பு ஸ்டாண்டு போட்டு ஆட்டிப் பார்த்த பிறகு படுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம்.

இந்த வாரம் அந்தக் கடைக்கு மறுபடி போன் செய்யுங்கள். வண்டியை இரண்டு ராத்திரி வைத்துக்கொண்டு காயவிடுவீர்களா, துருவைத் தேய்த்து எடுத்தபின் கோட்டிங் போடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவீர்களா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். சரி என்றால் அங்கேயே கொடுக்கலாம். இல்லை என்றால் ஹேட்ச்பேக்கை நல்ல தண்ணீரில் அடியில் கழுவிக் காயவைத்து, பிரேக் குழாயை மட்டும் உடனே பார்த்துவிட்டு, வேறு பட்டறை தேடுங்கள். ஒரு மாதம் தள்ளிப்போனால் காருக்கு ஒன்றும் ஆகாது. பொலேரோவைத் தட்டிப் பார்க்கும் வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.